கதிரைக்காலில் இருந்த காளான்

தெல்தோட்டை,
19 ஏப்ரல் 1934

சேசு மரி சூசை துணை

கனம் பொருந்திய பியட்றிஸ் அம்மையாருக்கு,

பெண் பார்த்து வந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை நேராகக் கடிதம் எழுதுவது வழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடந்த ஞாயிறு கடுகண்ணாவையில் உங்கள் வீட்டில் நடந்ததும் வழக்கமில்லை.

என் தாயார் சூசையம்மா இன்னும் படுக்கையில் இருக்கிறார். இடுப்பெலும்பு முறியவில்லை என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்கிறார். "எலும்பு முறிஞ்சிருந்தா கட்டுப் போடலாம், மானத்துக்கு எங்க போய் கட்டுப் போடுறது" என்று அம்மா சொல்கிறார். பலகாரத் தட்டைக் கையில் பிடித்தபடியே, உட்கார்ந்திருந்த கதிரை உடைந்து பின்னால் விழுந்ததையும், உங்கள் அக்கம்பக்கத்தார் ஜன்னலில் நின்று அதைப் பார்த்ததையும் அவரால் மறக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். நீங்கள் தட்டை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றீர்கள். அரைமணி நேரம் தலை நிமிரவே இல்லை. அம்மா என் காதருகே, "காலேஜு படிச்ச புள்ள, தலைய தூக்குதா பாரு" என்று பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பு கதிரை உடையும் வரை இருந்தது. திரும்பும் ரயிலில் மூப்பர் யாகப்பர் வாயைத் திறந்தார். எங்கள் தோட்டக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர் அவர். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. "சூசையம்மா, அந்தப் புள்ள தரைய பாக்கல. ஒன் கதிரைக்காலத்தான் பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஒடையிறதுக்கு முன்னாடியே."

அன்று முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. கதிரை உடையும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்று ஒரு வரி எழுதினால் போதும். அம்மாவைச் சமாதானம் செய்துவிடுவேன்.

அன்று நான் புதுக் கோட்டு அணிந்திருந்தேன். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை.

இங்ஙனம்,
அ. லோரன்ஸ், தோட்டத்துக் கிளாக்கர்


கண்டி,
24 ஏப்ரல் 1934

திரு. லோரன்ஸ் அவர்களுக்கு,

நான் படிப்பிக்கும் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில், ஆசிரியைகளுக்கு வரும் கடிதங்களை விடுதிச் சிஸ்டர்தான் பிரிப்பார். அவர் அயர்லாந்துக்காரர், தமிழ் தெரியாது. ஓர் ஆண் எதற்காக இத்தனை பெரிய கடிதம் எழுதியிருக்கிறார் என்று கேட்டார். "ஒரு கதிரையைப் பற்றி, சிஸ்டர்" என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"தெரியாது" என்று ஒரு வரி எழுதச் சொல்கிறீர்கள். அந்த வரியை நான்கு தாளில் எழுதினேன். நான்கையும் கிழித்துவிட்டேன். எனக்குத் தெரியும்.

உங்கள் தாயார் உட்கார்ந்திருந்த கதிரையின் பின்னங்காலில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில், ஏழு காளான்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. காய்ந்த தோடம்பழத் தோலின் செம்மஞ்சள் நிறம். நடுவில் தொப்புள் போல ஒரு குழி. காம்பு எரிந்துபோன தீக்குச்சி போல மெலிந்து கறுத்திருந்தது. குளிர்நாட்டுக் காடுகளில் விழுந்து கிடக்கும் பைன் மரத்தைத் தின்று வாழும் காளான் இது என்று என் தாவர சாஸ்திரப் புத்தகம் சொல்கிறது. படத்தில் மட்டும் பார்த்த ஒன்று, அல்லது அதற்கு மிக நெருங்கிய உறவு, எங்கள் முன்னறையில், அதுவும் என்னைப் பெண் பார்க்கும் நாளில் முளைத்திருந்தது. பைன் மரமே இல்லாத ஊரில் இதற்கு என்ன வேலை என்று முதல் கால்மணி நேரம் யோசித்தேன். பிறகு புரிந்தது. எங்கள் வீட்டில் கதிரை இரண்டுதான். மூன்றாவதை அப்பா எதிர்க்கடை ஜவாஹிர் நானாவிடம் இரவல் வாங்கிவந்தார். அது வருஷமெல்லாம் அவர் கடை வாசலில் மழையில் நனைந்தது. ஒடிந்த பின்னங்காலுக்குப் பதிலாக, சீமையிலிருந்து சாமான் வந்த பெட்டியின் பலகையை அறுத்து வைத்திருந்தார். பெட்டிப் பலகை பைன். இதைக் கண்டுபிடித்த சந்தோஷம் அடங்கிய பிறகுதான், காளான் வெளியே தலைகாட்டினால் உள்ளே மரம் என்ன நிலையில் இருக்கும் என்ற நினைப்பு வந்தது.

ஏன் சொல்லவில்லை? கேட்டால் மட்டும் பேசு என்று என் அம்மா சொல்லியிருந்தார். என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். சமைக்கத் தெரியுமா, கோயிலில் பாடுவாயா, தோட்டத்துக் குளிர் ஒத்துக்கொள்ளுமா. கதிரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மாமியாராக வரப்போகும் ஒரு பருமனான அம்மையாரிடம் நான் பேசும் முதல் வார்த்தை "எழுந்திருங்கள், தாங்காது" என்றா இருக்க வேண்டும்? ஆனாலும் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் யாரோ என்னிடம் முறுக்கை நீட்டினார்கள்.

உங்கள் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கோட்டை நான் பார்க்கவில்லை. சப்பாத்தைப் பார்த்தேன். இடது சப்பாத்தின் கயிறு கறுப்பு, வலது பழுப்பு.

சு. பியட்றிஸ்


தெல்தோட்டை,
2 மே 1934

அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் உண்மையாக இருந்ததால் அதை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அது என் பிழை. "பருமனான" என்ற சொல் வருவதைக் கண் பார்த்தது, வாய் நிற்கவில்லை.

"பருமனாமே" என்றார் அம்மா. "படிச்ச வாயில வர்ற வார்த்தைய பாரு. தெரிஞ்சே ஒக்கார வச்சிருக்கா. நாளைக்கி அடுப்படியில பாம்பு வந்தாலும், அது என்ன சாதிப் பாம்புன்னு பாத்துக்கிட்டுத்தான் நிப்பா."

மூப்பர் இப்போது கண்டி டவுனில் வேறொரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறார். அந்த வீட்டில் ஆறு கதிரைகளாம், ஆறும் இரும்பாம். இந்தச் சம்பந்தம் இத்துடன் முடிந்தது என்று உங்களுக்கு எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து நான் எங்கே போனாலும் கீழேதான் பார்க்கிறேன். நேற்று எங்கள் கோயிலில், பாட்டுக்காரப் பெண்கள் நிற்கும் பரணைத் தாங்கும் தூணின் அடியில், நீங்கள் எழுதிய அதே நிறத்தில், அதே தொப்புளோடு ஒரு கூட்டம் கண்டேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். மூன்றைப் பிடுங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிரயோசனப்படலாம்.

லோரன்ஸ்


கண்டி,
7 மே 1934

திரு. லோரன்ஸ் அவர்களுக்கு,

முடிந்துபோன சம்பந்தத்துக்குப் பதில் எழுதத் தேவையில்லை. எனக்கு எழுதிய கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இது காளானைப் பற்றிய கடிதம்.

நீங்கள் அனுப்பியவற்றில் இரண்டு தூளாகிவிட்டன. சிஸ்டர் அதை மூக்குப்பொடி என்று நினைத்தார். மூன்றாவது உருப்படியாக வந்து சேர்ந்தது. அதே காளான்தான்.

தயவுசெய்து இவற்றுக்கு உடனே பதில் எழுதுங்கள். அந்தத் தூண் என்ன மரம்? எங்கிருந்து வந்தது? கூரை அந்த இடத்தில் ஒழுகுகிறதா? ஒரு பேனாக்கத்தியால் குத்தினால் எவ்வளவு ஆழம் இறங்குகிறது? பரணில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்?

நாற்பதுக்கு மேல் என்றா எழுதியிருந்தீர்கள்? கதிரையில் இருந்தது ஏழு.

பியட்றிஸ்


தெல்தோட்டை,
14 மே 1934

பியட்றிஸ் அவர்களுக்கு,

பதில்கள்.

பதினைந்து வருஷத்துக்கு முன் தோட்டத்துக்குத் தேயிலைக் கொழுந்து அரைக்கும் புது யந்திரம் கப்பலில் வந்தது. அது வந்த பெட்டிகளின் மரத்தைத் துரை கோயிலுக்குக் கொடுத்தார். மூப்பர் யாகப்பர் தம் கையாலேயே பரணைக் கட்டினார். தூணில் "இந்தப் பக்கம் மேலே" என்று ஆங்கிலத்தில் அடித்திருப்பது இன்றைக்கும் தலைகீழாகத் தெரியும். தகரம் ஒழுகுகிறது. திருநாளில் இருபது பெண்கள் ஏறுவார்கள்.

கத்தியால் குத்தவில்லை. குத்துவதற்குப் போனேன். மூப்பர் பார்த்துவிட்டார். தூண் இற்றுப்போயிருக்கலாம் என்று மெல்லச் சொன்னேன். "யாரு சொன்னா? அந்தக் கடுகண்ணாவைப் பொண்ணா? கதிரைய ஒடச்சது பத்தாதுன்னு கோயிலயும் ஒடைக்கப் போறாளா" என்று கேட்டார். கோயிலில் மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஜூன் பதினேழாம் திகதி, ஞாயிறு, எங்கள் கோயிலில் அந்தோனியார் திருநாள் கொண்டாட்டம். பாட்டுக்குத் தலைமை என் அம்மா. அம்மா இப்போது எழுந்து நடக்கிறார். பரணில் ஏறிப் பாடிக் காட்டினால்தான் ஊர் வாய் மூடும் என்று நினைக்கிறார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் கதிரைக் கதையைத் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நடித்துக் காட்டுகிறார்களாம். இந்த நேரத்தில் நான் போய், "அம்மா, பரண் தாங்காது, ஏறாதீங்க" என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களிடம் பட்டம் இருக்கிறது. மூப்பருக்கு நேராக ஒரு கடிதம் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பார்.

இந்தக் கடிதப் போக்குவரத்தை இம்முறை யாருக்கும் காட்டவில்லை.

லோரன்ஸ்


கண்டி,
21 மே 1934

திரு. லோரன்ஸ் அவர்களுக்கு,

மூப்பருக்கான ஆங்கிலக் கடிதம் இத்துடன். பள்ளிக்கூடத்து முத்திரையைப் போட சிஸ்டர் அனுமதித்தார். "இதுவும் கதிரையைப் பற்றியா" என்று கேட்டார். "அது வளர்ந்து பரணாகிவிட்டது, சிஸ்டர்" என்றேன்.

அவர் கையில் கொடுத்து, அர்த்தத்தையும் சொல்லிவிடுங்கள்.

பியட்றிஸ்


தெல்தோட்டை,
5 ஜூன் 1934

பியட்றிஸுக்கு,

இதை எழுதத் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

மூப்பர் உங்கள் கடிதத்தை இரு கைகளாலும் வாங்கினார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். கண்டியில் இருந்து கன்னியர் மடம் தம்முடைய பரணைப் பாராட்டி எழுதியிருப்பதாக அவராகவே முடிவு செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சனத்தைக் கூட்டி, எல்லாரும் பார்க்கட்டும் என்று அந்தத் தூணிலேயே அதை அடித்துவிட்டார். "இந்தத் தூண் யாரையும் தாங்காது" என்ற உங்கள் எழுத்து இப்போது அந்தத் தூணில் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

அங்கே நின்றவர்களில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "லோரன்ஸு, வாசிச்சுச் சொல்லுப்பா" என்று மூப்பர் கேட்கவும் செய்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அம்மா முன்வரிசையில் நின்றார். நானும் வாயைத் திறந்தேன். "நல்ல கடிதம்" என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் பதினைந்தாம் திகதி நீங்கள் சுவரோரம் நின்றது எப்படியிருந்திருக்கும் என்று அன்றுதான் விளங்கியது. உங்களைக் கேள்வி கேட்டு முதல் கடிதம் எழுதியவன் நான். அதைத் திருப்பி வாங்க முடியுமானால் வாங்கிக்கொள்வேன்.

கடிதத்தை அடிக்கச் சுத்தியல் தேடினோம், கிடைக்கவில்லை. மூப்பர் நான்கு ஆணிகளையும் பெருவிரலாலேயே அழுத்தி இறக்கிவிட்டார். "சீமை மரம்னா சீமை மரந்தான், எம்புட்டு மெதுவா இருக்கு பாரு" என்று எல்லாரிடமும் சொன்னார்.

லோரன்ஸ்


கண்டி,
9 ஜூன் 1934

லோரன்ஸ் அவர்களுக்கு,

பெருவிரலாலா?

திருநாளன்று முதல் பஸ்ஸில் வருகிறேன். முப்பது சிறுமிகளுக்கு மேல் ஒரு கூட்டத்தின் முன் நான் பேசியதில்லை. அவர்களிடமும் பாதி நேரம் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவேன். நான் அங்கே வந்து ஊமையாக நின்றால், நீங்கள் பேசுங்கள். நீங்களும் ஊமையாக நின்றால் இருபது பெண்கள் விழுவார்கள்.

பியட்றிஸ்


கண்டி,
18 ஜூன் 1934

லோரன்ஸ் அவர்களுக்கு,

உங்களைப் பார்க்காமல் வந்துவிட்டேன். பதினொரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மாலையில்தான், அதில் போனால் விடுதிக் கதவு அடைபட்டிருக்கும். நேற்று நீங்கள் அந்தோனியார் சுரூபத்தைச் சுமந்து லயங்களைச் சுற்றிப் போயிருந்த நேரத்தில் நடந்ததை மற்றவர்கள் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. நடந்தது இதுதான்.

சுரூபம் திரும்பி வருமுன் பரணில் ஏறிவிட வேண்டும் என்று பெண்கள் படியடியில் கூடினார்கள். நான் அங்கே போய் நின்றேன். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்த பேச்சில் முதல் சொல்கூட வரவில்லை. ஆகவே முதற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் தாயார் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தபடி பாட்டுப் புத்தகத்தோடு வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"எந்திரி புள்ள."

"எந்திரிக்க மாட்டேங்க."

"இன்னிக்கி நீ ஒக்காந்துக்கிட்டியா? நல்லாருக்கு. நான் ஏறுனா ஒடைஞ்சிருமுன்னு சொல்ல வந்தியாக்கும்."

பின்னால் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். உங்கள் தாயாரின் முகம் சிறுத்துப்போனதைப் பார்த்தேன். அவர் கோபக்காரர் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது கோபமில்லை. அதற்குள் மூப்பர் ஓடிவந்து, தூணில் தொங்கிய என் கடிதத்தையே காட்டி, இது மடத்திலிருந்து வந்த நற்சாட்சி என்று என்னிடமே சொன்னார். எழுந்தேன். குடையின் முனையை என் கையெழுத்துக்குச் சற்றுக் கீழே வைத்து அழுத்தினேன். பலமாக அழுத்தவில்லை. குடை பாதிவரை போய்விட்டது. 

உங்கள் தாயார் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஒன்னு கேக்குறேன், உள்ளதச் சொல்லு. நான் ஏறுனா மட்டும் ஒடையுமா, எல்லாரும் ஏறுனாலும் ஒடையுமா?"

"பூனை ஏறுனாலும் ஒடையுங்க" என்றேன். எங்கிருந்து அத்தனை சத்தம் வந்ததென்று தெரியவில்லை. பின்வாசலில் பானகம் கலக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் படியை விட்டுத் திரும்பினார். தரையிலேயே பெண்களை வரிசையாக நிறுத்திப் பாட்டைத் தொடங்கினார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன். பாட்டு வளைவு திரும்பும் வரை கேட்டது.

குடையை உருவ முடியவில்லை. கோயிலுக்குள் இருந்தால் அனுப்பிவையுங்கள். இங்கே நல்ல மழை.

பியட்றிஸ்


தெல்தோட்டை,
21 ஜூன் 1934

பியட்றிஸுக்கு,

சுரூபத்தோடு நான் கோயிலுக்குள் நுழைந்தபோது அம்மா தரையில் நின்று பாடிக்கொண்டிருந்தார். தூணில் ஒரு குடை குறுக்கே நின்றது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோளில் அந்தோனியார் இருந்ததால் ஓடிவர முடியவில்லை. பூசைக்குப் பிறகு தேடினால் நீங்கள் இல்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். மூப்பருக்கு மனம் ஆறவில்லை. தம்முடைய பதினைந்து வருஷத்துப் பரண் ஒரு குடைக்குத் தோற்றுவிட்டது என்று புலம்பினார். சனம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், "இப்பப் பாருங்க" என்று தூணிலிருந்த உங்கள் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு தன்னந்தனியாகப் படியேறி, பரணின் நடுவில் நின்று ஒரு மிதி மிதித்தார். ஒன்றுதான் மிதித்தார். திருநாளுக்கு வந்தவர்கள் படுக்கச் சுருட்டி வைத்திருந்த பாய்கள் கீழே இருந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். தலையில் ஒரு பலகை, கையில் உங்கள் கடிதம். ஒரு கீறல் இல்லை. உங்கள் குடைக்கும் ஒன்றுமில்லை.

அம்மா முதலில் ஓடிப்போய் அவரைத் தடவிப் பார்த்தார். அடி ஒன்றும் படவில்லை என்று தெரிந்ததும் இடுப்பில் கைவைத்து, "எத்தன ராத்தல் இருப்ப யாகப்பா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. விடுவாரா? நான்கு பேரைப் பிடித்து மூப்பரைக் கொழுந்து மடுவத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டார். தொண்ணூற்றிரண்டு ராத்தல். அதைத் திருநாளுக்கு வந்த அத்தனை பேருக்கும் அம்மாவே சொன்னார். "தொண்ணூத்தி ரெண்டு ராத்தல் ஆளுக்கே ஒடைஞ்சிருச்சு. மரம் இத்துப் போனா யாரு ஒக்காந்தாலும் ஒடையும். அது காளான் வேல. படிச்ச புள்ள சொல்லுது." பீலியடியில் இப்போது மூப்பரைத்தான் நடிக்கிறார்கள்.

மூப்பர் மூன்று நாள் வெளியே வரவில்லை. இன்று காலை வந்து, பலா மரத்தில் புதுப் பரண் கட்டலாமா, பலாவிலும் ஏதாவது முளைக்குமா என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார். இரும்புக் கதிரை வீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அம்மா நேற்று இராச் சாப்பாட்டில் சொன்னார்: "அந்தப் புள்ளைக்கி வாய் தொறக்க வருதுடா. நேரஞ்செல்லுது, ஆனா வருது. போய்க் கேளு."

அம்மா கேட்கச் சொன்னதற்காக நான் கேட்கவில்லை. ஏப்ரலில் உங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்கு விருப்பமா? இல்லையென்றாலும் உள்ளதை எழுதுங்கள். யாருக்கும் வாசித்துக் காட்ட மாட்டேன்.

லோரன்ஸ்


கடுகண்ணாவை,
24 ஜூன் 1934

லோரன்ஸுக்கு,

சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் ஒரு தடவையும், வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் நின்று மூன்று தடவையும் படித்தேன்.

பதிலை உங்களுக்கு எழுதுமுன் அப்பாவிடம் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். என் அப்பா சுவக்கினுக்கு ரயில் கேட்டில் வேலை. முப்பது வருஷம் எஞ்சின் சத்தத்தில் நின்றதால் காது மந்தம். முன்வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.

"என்னம்மா?" என்றார்.

மறுபடி சொன்னேன்.

"சரியாக் கேக்கல. என்னா வேணும்?"

எதிர்க்கடையில் ஆட்கள் நின்றார்கள். பேராதனைப் பக்கம் போகும் வண்டி ஒன்று வேறு நின்றுகொண்டிருந்தது. உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். பிறகு மூன்றாம் தடவையாக, "தெல்தோட்டை கிளாக்கரைக் கட்டிக்க எனக்கு விருப்பம் அப்பா" என்று சொன்னேன்.

தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து ஜவாஹிர் நானா, "எனக்கே கேட்டுச்சு மகள்" என்றார். "ஒங்க வாப்பாவுக்கு இன்னும் கேக்கலியா?"

அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. இப்போது இந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

பியட்றிஸ்